விதிக்குள் விளையும் வனப்பு: கோலமும் கணிப்பொறிக் கலையும்

தோற்றுவாய்

காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கத்தில் மார்கழித் திங்கள் வைகறைப் பொழுதில் தெருவழியே நடப்போர் ஒரு காட்சியைக் காணாமற் கடக்க இயலாது. சாணம் தெளித்த வாசலில் பெண்ணொருத்தி குனிந்து நிற்கிறாள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மாவை எடுத்து முதலில் புள்ளிகளை வரிசையாக இடுகிறாள். பின்னர் ஒரு கோடு தொடங்குகிறது. அது ஒரு புள்ளியை வலமாகவும் அடுத்ததை இடமாகவும் சுற்றி, நெளிந்து, தன்னையே பலமுறை குறுக்கே வெட்டி, இறுதியில் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்கிறது. அளவுகோல் இல்லை, வரைபடத் தாள் இல்லை, அழித்தெழுதுவதும் இல்லை. எவ்வாறு இட்டாய் எனக் கேட்டால், "கை தானாகப் போகிறது" என்பதே விடையாக வரும்.

அதே வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவி, "நான் தமிழ் படிப்பவள், எனக்குக் கணிப்பொறி நிரல் வராது" என்கிறாள். அவ்வாறு கூறும் மாணவர்களும் பலர். கோலம் கைப்பழக்கம் என்றும், நிரல் கல்விமான்களின் அறிவு என்றும் நாமே வகுத்துக்கொண்ட பிரிவினை இது. அப்பிரிவினை உண்மையன்று என்பதையும், நிரல் எழுதி ஓவியம் விளைவிக்கும் கலை நம் வாசலுக்கும் நம் யாப்பிற்கும் மிக அணிமையில் உள்ளது என்பதையும் விளக்க முற்படுவதே இக்கட்டுரை.

விதிவழிக் கலை

ஓவியன் தூரிகையால் ஒரு மலரை வரைந்தால் அம்மலர் ஒன்றுதான் கிடைக்கும். மலர் எவ்வாறு தோன்ற வேண்டும் என்னும் விதியை எழுதி வைத்தால், அவ்விதியினின்றும் ஆயிரம் மலர்கள் தோன்றும். ஒன்றுபோல் மற்றொன்று இராது. இவ்வாறு படத்தை வரையாமல், படத்தை விளைவிக்கும் விதியை வரைவதே விதிவழிக் கலை. விதியை ஏற்று நடத்துவது மனிதக் கையாகவும் இருக்கலாம், பொறியாகவும் இருக்கலாம். பொறி ஏற்றுக்கொள்ளும் மொழியில் எழுதப்பட்ட விதித்தொகுப்பே நிரல்.

படிப்படியாகச் செல்லும் செய்முறையைக் குறிக்கும் 'அல்காரிதம்' என்னும் சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த கணித மேதை அல் குவாரிஸ்மியின் பெயர் இலத்தீனில் மருவியதனால் பிறந்தது. அச்சொல்லைக் கேட்டு அஞ்சுகின்ற நம் மாணவர் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

1804ஆம் ஆண்டையொட்டிப் பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளால் இயங்கும் தறியமைப்பை உருவாக்கினார். எந்த நூல் மேலெழ வேண்டும், எது கீழே தங்க வேண்டும் என்பதை அட்டையின் துளைகள் முடிவு செய்தன. காஞ்சிப் பட்டின் கரையிலும் முந்தானையிலும் பூக்கும் பல வடிவங்கள் இன்றும் ஜக்கார்டு அமைப்பினாலேயே நெய்யப்படுகின்றன. 1843இல் ஏடா லவ்லேஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி, சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட கணக்கிடு பொறியைப் பற்றி எழுதியபோது, ஜக்கார்டு தறி பூவையும் இலையையும் நெய்வது போல இப்பொறி இயற்கணித வடிவங்களை நெய்யும் என்று ஒப்பிட்டார். கணிப்பொறி கருவில் இருந்த காலத்திலேயே தறியும் அழகும் அதனுடன் இணைத்து எண்ணப்பட்டன.

1965இல் செருமனியின் ஸ்டுட்கார்ட் நகரில் கியார்க் நீஸ் என்பார் கணிப்பொறியால் வரைந்த ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டில் நியூயார்க்கிலும் இத்தகைய காட்சி நடைபெற்றது. அங்கேரியில் பிறந்து பாரிசில் வாழ்ந்த வேரா மோல்னார் (1924 - 2023) என்னும் பெண் ஓவியரின் வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. கணிப்பொறி கைக்குக் கிட்டாத காலத்தில், தம் உள்ளத்துள் ஒரு கற்பனைப் பொறி இருப்பதாகக் கொண்டு, விதிகளை வகுத்து அவ்விதிகளின்படியே கையால் வரைந்தார். 1968இல்தான் உண்மைக் கணிப்பொறி அவருக்குக் கிடைத்தது. பொறி வருவதற்கு முன்னரே விதிவழிக் கலை கையால் நிகழ்ந்தது என்பதற்கு அவர் ஒரு சான்று. வாசலில் கோலமிடும் நம் பெண்டிர் அவரினும் மூத்த சான்று.

தாம்பரத்தில் நிகழ்ந்த ஆய்வு

மேற்கூறியது வெறும் புகழ்ச்சியுரை அன்று. கோலத்தைக் கணிப்பொறி இயலின் ஆய்வுப்பொருளாக்கியது தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி. அங்குப் புள்ளியியல் பேராசிரியராக விளங்கிய கிஃப்ட் சிரோமணியும், அவர்தம் துணைவியாரும் கணிதப் பேராசிரியருமான இராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் இணைந்து எழுதிய கோல இலக்கணம் பற்றிய ஆய்வுரை 1974இல் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. கிஃப்ட் சிரோமணி தமிழ்க் கல்வெட்டு எழுத்துகளிலும் சிந்துவெளி எழுத்துகளிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். திருக்குறளைப் பழங்கால எழுத்து வடிவங்களில் காட்டும் நூலை 1980இல் உடனாசிரியர்களுடன் வெளியிட்டவரும் அவரே. 1988இல் அவர் மறைந்தார்.

இவ்வாய்வின் அடிக்கருத்தைத் தமிழ் மாணவர் எளிதில் உணரலாம். எழுத்து சேர்ந்து சொல்லாகும்; சொல் சேர்ந்து தொடராகும். எவ்வாறு சேரலாம், எவ்வாறு சேரலாகாது என வகுப்பது இலக்கணம். 1950களில் நோம் சாம்சுகி என்னும் மொழியியலார், சில மாற்றுவிதிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்தி எண்ணற்ற தொடர்களை விளைவிக்கலாம் எனக் காட்டினார். தொடர் ஒரே திசையில் செல்வது. கோலமோ நீளத்திலும் அகலத்திலும் பரவுவது. எனவே இருதிசை இலக்கணம் ஒன்று தேவைப்பட்டது. முதலில் கிடைவரிசையில் சில குறிகளை விளைவித்து, பின் ஒவ்வொரு குறியையும் ஒரே வேளையில் கீழ்நோக்கி வளரச் செய்வது அவர்கள் வகுத்த முறைகளுள் ஒன்று. தறியில் பாவு விரித்தபின் ஊடை ஓடுவதை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். மூன்று புள்ளிக் கோலம் ஐந்தாகவும் ஏழாகவும் வளரும்போது அழகு சிதையாமல் வளர்வது ஏன் என்பதற்கு அவ்விலக்கணம் விடை தந்தது.

இம்முயற்சி கடல் கடந்தும் சென்றது. கனடா நாட்டில் பணியாற்றிய புருசின்கியெவிச் என்னும் அறிஞர் செடிகொடிகளின் வளர்ச்சியைக் கணிப்பொறியில் வரைந்து காட்டியவர். அவர் தம் முறையை விளக்கக் கோலங்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டார். மார்சியா ஆஷர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் 2002இல் கோல மரபைப் பற்றி விரிவாக எழுதினார். பள்ளி வாயிலை மிதியாத பெண்டிரும் காத்துவந்த செல்வம் இவ்வாறு பல்கலைக்கழகங்களின் பாடமாயிற்று. அப்பெண்டிரின் பெயர் எந்த நூலிலும் இல்லை என்பதையும் நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

கோலம் பிற சமயத்தார் வாசலுக்கு உரியதன்றோ எனப் பெரியோர் சிலர் எண்ணக்கூடும். வழிபாட்டோடு இயைந்த அதன் பொருள் அதனை இடுவோர்க்கு உரியது; அதனை நாம் மதிக்கிறோம். இங்கு எடுத்துக்கொண்டது அதன் வடிவியலை. கிறித்தவக் கல்லூரியில் அமர்ந்து கோலத்தை ஆய்ந்தவர்களுக்கு இருந்த அறிவு வேட்கையே நமக்கும் போதுமான உரிமையைத் தரும்.

ஒரே கோடு வருமா?

சிக்குக் கோலம் என்றும் கம்பிக் கோலம் என்றும் வழங்கும் வகையில் ஒரே கோட்டால் முடிப்பது சிறப்பாகக் கருதப்படுகிறது. அது எப்போது இயலும்? செவ்வக வடிவில் புள்ளிகளை வரிசையாக இடுக. அடுத்தடுத்த இரு புள்ளிகளின் இடைவெளி ஒவ்வொன்றின் நடுவிலும் கோடுகள் சாய்வாகக் குறுக்கிட்டுச் செல்லட்டும். ஓரத்தை எய்தியதும் புறப்புள்ளியைச் சுற்றி வளைந்து திரும்பட்டும். இப்போது எத்தனை தனிக்கோடுகள் அமையும் என்பதை வரையாமலே கூறிவிடலாம். வரிசைகளின் எண்ணிக்கை, ஒரு வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டின் மீப்பெரு பொது வகுத்தி யாதோ அத்தனை கோடுகள் அமையும். மூன்றுக்கு நான்கு எனில் ஒரே கோடு. நான்குக்கு ஆறு எனில் இரண்டு கோடுகள். ஐந்துக்கு ஐந்து எனில் ஐந்து கோடுகள்.

ஐந்துக்கு ஐந்தை ஒரே கோடாக்க வழியில்லையா எனின், உண்டு. இரு வேறு கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்கு வெட்டாமல் இரண்டும் விலகி வளைந்து செல்லுமாறு மாற்றினால் அவ்விரண்டும் ஒரே கோடாகிவிடும். தகுந்த நான்கு இடங்களில் இவ்வாறு மாற்ற, ஐந்து கோடுகளும் ஒன்றாகும். எந்த நான்கு இடங்கள் என்பதில்தான் கலை இருக்கிறது. கணக்கு வழியைத் திறக்கிறது. எவ்வழியே செல்வது என்பதைக் கண்ணும் உள்ளமும் முடிவு செய்கின்றன. கணிப்பொறியிடம் இடங்களை மாற்றி மாற்றிக் கொடுத்தால், ஒரு நாழிகையில் நூறு கோலங்களைப் பார்த்து, உள்ளத்துக்கு உகந்ததைத் தேர்ந்துகொள்ளலாம்.

குடவோலையும் தற்செயலும்

விதி மட்டுமே ஆட்சி செய்தால் ஒரே விதி ஒரே படத்தையே தரும். ஆதலின் கலைஞர்கள் தற்செயலையும் துணைக்கு அழைக்கின்றனர். விதியும் தற்செயலும் எவ்வாறு கூடி இயங்கலாம் என்பதற்குச் சாலவாக்கத்தார்க்கு அணித்தேயுள்ள உத்திரமேரூரிலேயே ஓர் அரிய சான்று உள்ளது.

முதற் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகள்; ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்படும். நிலவுடைமை, சொந்த மனையில் வீடு, வயது, கல்வி ஆகியவற்றிற்கு வரையறை உண்டு. கணக்குக் காட்டாதவருக்கும் அவர்தம் உறவினருக்கும் இடமில்லை. அந்தணர் ஊரின் சபைக்குரிய அம்முறை ஊரார் அனைவர்க்கும் திறந்திருக்கவில்லை என்பதும் உண்மையே. விதிகள் இவ்வளவு கடுமையாக வகுக்கப்பட்ட பின், இறுதித் தேர்வு மட்டும் குடத்துள் கைவிட்டு ஓலை எடுக்கும் சிறுவனிடம் விடப்பட்டது. தகுதியற்றவர் வருதற்கு விதி இடம் தராது. தகுதியுடையோருள் எவர் வருவார் என்பதை எவரும் முன்னறிய இயலாது. விதிவழிக் கலையின் உட்பொருள் இதுவே.

இதனைத் தாளிலேயே செய்து பார்க்கலாம். சதுரத் துண்டு ஒன்றை எடுத்து, எதிரெதிரான இரு மூலைகளில் மட்டும் கால்வட்ட வளைவுகளை வரைக. ஒவ்வொரு வளைவும் அடுத்தடுத்த இரு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்க வேண்டும். இத்தகைய துண்டுகள் நூறு செய்து, பத்துக்குப் பத்தாக அடுக்குக. ஒவ்வொன்றையும் வைக்குமுன் நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்த்து, பூ விழுந்தால் நேராகவும் தலை விழுந்தால் கால்திருப்பம் திருப்பியும் வைக்குக. எவ்வாறு விழுந்தாலும் வளைவுகள் அறுபடாமல் ஒன்றோடொன்று இணையும். ஏனெனில் எல்லாம் பக்கத்தின் நடுப்புள்ளியிலேயே சந்திக்கின்றன. சில இடங்களில் வட்டங்கள் மலரும்; சில இடங்களில் கோடு பாம்பெனத் தாளின் குறுக்கே ஓடும்.

சதுர ஓடுகளைத் திருப்பி வைப்பதால் விளையும் வடிவங்களை 1704இல் ஆராய்ந்தவர் செபாஸ்டியன் துருசே என்னும் பிரெஞ்சுத் துறவி. அவருடைய ஓடுகள் குறுக்குக்கோட்டால் இரு நிறமாகப் பிரிக்கப்பட்டவை. கால்வட்ட வளைவுகள் கொண்ட வடிவத்தை 1987இல் சிரில் ஸ்டான்லி ஸ்மித் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். நூறு துண்டுகளும் இருவகையில் அமையலாம் எனின், விளையக்கூடிய படங்களின் எண்ணிக்கை 31 இலக்கம் கொண்ட பேரெண். நாணயத்தைச் சுண்டும் வேலையைக் கணிப்பொறியிடம் விட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு படம் தோன்றும். அதற்கான நிரல் பத்துப் பதினைந்து வரிகளுக்கு மேற்படாது.

இஸ்லாமியக் கலையில் வடிவியல்

பள்ளிவாசல்களில் உயிருருவங்களைத் தவிர்த்த இஸ்லாமியக் கலைஞர்கள், வனப்பெழுத்திலும் கொடியலங்காரத்திலும் வடிவியல் கோலங்களிலும் தம் திறனைச் செலுத்தினர். கிரனடாவின் அல்ஹம்ரா மாளிகைச் சுவர்கள் அதற்குப் புகழ்பெற்ற சான்று. வட்டம், அதனைச் சமமாகப் பகுத்தல், பகுத்த புள்ளிகளை இணைத்தல், இணைத்ததை நாற்புறமும் பரப்புதல் எனக் கவராயமும் நேர்கோலும் கொண்டே அவை பிறந்தன. இதுவும் விதியே, தொடக்கம் ஒரு புள்ளியில், முடிவு கண்ணுக்கு எட்டாத விரிவில்.

2007இல் பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு உலகை வியக்க வைத்தது. இடைக்கால இஸ்லாமியக் கட்டடங்கள் பலவற்றின் கோலங்களை ஐந்தே வகை ஓடுகளைக் கொண்டு அமைத்துக் காட்டலாம் என்றும், இஸ்பஹான் நகரில் 1453இல் எழுந்த தர்பே இமாம் கட்டடத்தின் கோலம், ஒரே அமைப்பு சீராகத் திரும்பத் திரும்ப வராத அரிய வகையை நெருங்கியது என்றும் அவர்கள் எடுத்துரைத்தனர். அவ்வகையின் கணிதத்தை மேலைநாட்டார் தெளிந்தது 1970களில்தான்.

நம் நாட்டிலும் இதன் சிறு வடிவங்கள் உண்டு. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் முஸ்லிம் நெசவாளர்கள் கோரையை மெல்லிய இழையாகக் கிழித்துப் பட்டுப் போன்ற பாய் நெய்கின்றனர். பாவு எண்ணி, நிறம் எண்ணி, எங்கே எதை நுழைப்பது என்பதை நினைவில் வைத்து நெய்யும் அக்கைகளும் விதிவழியே இயங்குவன. பெருநாளுக்கு முந்திய இரவில் உள்ளங்கையில் மருதாணிக் கொடி படர்த்தும் நம் வீட்டுப் பெண்டிரும் நடுவில் ஒன்றை வைத்து, அதையே சுற்றிலும் அடுக்கிச் செல்வதைக் கூர்ந்து பார்த்தால் விதி தெரியும்.

யாப்பும் நிரலும்

தமிழ் மாணவனுக்கு விதி புதிதன்று. வெண்பாவில் மாச்சீரின் பின் நிரையும், விளச்சீரின் பின்னும் காய்ச்சீரின் பின்னும் நேரும் வரவேண்டும் என்பதை அவன் முதலாண்டிலேயே கற்கிறான். இவ்விதிகளைக் கணிப்பொறி சரிபார்க்கும் வகையில் அமைத்த ஆய்வுரை, 2003இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டில் அளிக்கப்பெற்றது. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளோ இன்னும் ஒரு படி மேல். மாலைமாற்றும் நாகபந்தமும் சக்கரமும் எழுத்தைக் கட்டங்களில் நிறுத்தி விளையாடிய விளையாட்டே அல்லவா?

ஓர் எளிய விதியை ஏட்டில் செய்து பார்ப்போம். நெடில் உள்ள இடத்தில் 'நெடில், குறில்' என இரண்டை இடுக. குறில் உள்ள இடத்தில் நெடில் ஒன்றை இடுக. குறிலில் தொடங்கினால் முதலில் ஒரு குறில். அடுத்து ஒரு நெடில். அடுத்து நெடில் குறில். அடுத்து நெடில் குறில் நெடில். எண்ணிக்கை 1, 1, 2, 3, 5, 8 எனப் பெருகும். இவ்வகை விதியைக் கொண்டுதான் 1968இல் லிண்டன்மேயர் என்னும் உயிரியலார் பாசியின் வளர்ச்சியை விளக்கினார். குறிலுக்கு ஒன்றும் நெடிலுக்கு இரண்டும் மாத்திரை எனக் கொண்டு, மூன்று மாத்திரையை எத்தனை வகையில் நிரப்பலாம் எனப் பார்த்தால் மூன்று; நான்கு மாத்திரையை ஐந்து; ஐந்து மாத்திரையை எட்டு. அதே எண்கள். மேலைநாட்டில் பிபொனாச்சி 1202இல் எழுதிய இவ்வெண்களை, பன்னிரண்டாம் நூற்றாண்டின் சமண அறிஞர் ஹேமசந்திரர் யாப்பை ஆராய்கையில் முன்பே கண்டிருந்தார். செடியும் செய்யுளும் ஒரே கணக்கில் வளர்வதை இங்குக் காண்கிறோம்.

விளையாட்டு வீணோ?

இதனால் என்ன பயன், வேலை கிடைக்குமா எனப் பெற்றோர் கேட்பர். அவ்வினா நியாயமானதே. தொல்காப்பியர் உவகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் இடங்களாகச் செல்வத்தையும் அறிவையும் புணர்வையும் கூறி, அவற்றோடு விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். அறிவும் விளையாட்டும் அவர் கண்ணில் ஒரே வரிசையில் நிற்பவை. அச்சத்தோடு கற்பவன் கட்டளையை மனப்பாடம் செய்கிறான். விளையாட்டாகக் கற்பவனோ ஓர் எண்ணை மாற்றி என்ன ஆகிறது எனப் பார்க்கிறான். பிழை நேர்ந்தால் முன்னவன் கலங்குகிறான். பின்னவன் பிழையிலிருந்தே புதிய கோலம் ஒன்றைக் கண்டெடுக்கிறான்.

இதற்கான வாயில்களும் திறந்தே உள்ளன. 1967இல் சிறுவர்க்கென உருவான லோகோ மொழி, திரையில் ஓர் ஆமையை நகர்த்திப் படம் வரையச் செய்தது. கேசி ரியாசும் பென் பிரையும் 2001இல் தொடங்கிய பிராசசிங் என்னும் நிரல்மொழி ஓவியர்க்கெனவே அமைந்தது, விலையின்றிக் கிடைப்பது. தமிழ்ச் சொற்களாலேயே கட்டளையிட முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் நிரல்மொழி வழிசெய்கிறது. ஆங்கில அச்சம் இனித் தடையாக நிற்க வேண்டியதில்லை.

ஒரு தொடரைத் தட்டச்சு செய்தாலே செயற்கை நுண்ணறிவு படம் வரைந்து தரும் இக்காலத்தில் விதி எழுதும் உழைப்பு எதற்கு என்றும் கேட்கலாம். ஒட்டுக்கோலம் வாங்கி வாசலில் ஒட்டினாலும் வாசல் அழகாகத்தான் இருக்கும். ஆயின் அடுத்த ஆண்டு ஐந்து புள்ளியை ஏழாக்க வேண்டின், ஒட்டியவளால் இயலாது, இட்டவளால் இயலும். விதியை அறிந்தவருக்கு வளர்க்கும் உரிமை உண்டு. விளைவை மட்டும் பெற்றவருக்கு வாங்கும் உரிமையே உண்டு. நம் மாணவர் எவ்வுரிமையோடு வாழப்போகின்றனர் என்பதே கேள்வி.

நிறைவுரை

கோலத்தின் கணக்கை ஆய்வாளர் எழுதினர். கோலத்தைப் பெயரறியாப் பெண்டிர் காத்தனர். இவ்விரு அறிவும் ஒருவரிடமே கூடும் வாய்ப்பு இத்தலைமுறைக்குக் கிடைத்திருக்கிறது. எனவே மாணவ மாணவியர்க்கு ஒரு வேண்டுகோள். இவ்விடுமுறையில் உங்கள் ஊருக்குச் செல்லும்போது, தாயிடமோ பாட்டியிடமோ அண்டை வீட்டாரிடமோ அமர்ந்து, ஒரு கோலத்தையோ பாய் வடிவத்தையோ மருதாணிக் கொடியையோ புள்ளி முதல் முடிவு வரை கேட்டு எழுதி வாருங்கள். எங்கே தொடங்குவது, எதன்பின் எது, எங்கே திரும்புவது என ஒவ்வொரு படியையும் எழுதுங்கள். கற்பித்தவர் பெயரையும் அவர் இசைவுடன் மேலே எழுதுங்கள். அவ்வாறு எழுதி முடித்த ஏடே உங்கள் முதல் நிரல். அதன்பின் கணிப்பொறியின் முன் அமரும்போது, "எனக்கு வராது" என்னும் சொல் உங்கள் வாயில் வராது.